காருக்குப் பீடிங் கட்டுவோர் கவனத்திற்கு

பருப்பு நிலவரமும் வரி விவரமும் வரும் இதழில் கார் அலங்காரம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நம்மில் பலர் வீட்டு வாசலில் இன்று கார் நிற்கிறது. தீபாவளி, பொங்கல் வந்தால் அதற்கு ஒரு சீட் கவர், ஒரு பீடிங் என்று ஏதாவது செய்து பார்க்கிறோம். அப்படிச் செய்து நாங்கள் பட்ட நஷ்டம் பெரிது. அதனால்தான் எழுதுகிறோம்.

கதவுகளுக்குக் கீழே, முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் நடுவே நீளமாக ஓடும் பகுதியை டிங்கர்கள் ரன்னிங் போர்டு என்பார்கள். சேறும் கல்லும் முதலில் அடிப்பது அங்கேதான். பெயிண்ட் சீக்கிரம் உதிர்ந்துவிடும். அதை மறைக்கவும், வண்டி பளிச்சென்று தெரியவும் ஸ்டீல் பீடிங் கட்டுவது பழைய வழக்கம்.

எங்கள் தகப்பனார் 1988-ல் வாங்கிய அம்பாசிடருக்கு 1996-ல் நாங்களும் கட்டினோம். சென்னைக்குச் சரக்கு விஷயமாகப் போனபோது ஜி.பி. ரோட்டில் பீடிங் வாங்கி வந்தோம். வீட்டிலேயே டிரில் வைத்து ஒரு பக்கத்திற்கு ஒன்பது ஓட்டை போட்டு, திருகாணியால் முடுக்கினோம். பீடிங்கின் கீழ் விளிம்பில் ரப்பர் பட்டையும் வைத்தோம். தெருவே பார்த்தது. செலவு ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்ததில் எங்களுக்கு அன்று பெருமை.

2001 மழைக்காலத்தில் தூத்துக்குடி போய்த் திரும்பும்போது எட்டயபுரம் பக்கம் டயர் பஞ்சர். டிரைவர் தம்பி கதவுக்குக் கீழே ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரம் தரையை விட்டு எழுந்ததும் ‘மடார்’ என்று ஒரு சத்தம். ரன்னிங் போர்டு அப்பளம் போல உள்ளே நொறுங்கி, வண்டி அப்படியே உட்கார்ந்துவிட்டது. கழற்றுவதற்காகச் சக்கரத்தடியில் கை கொடுத்திருந்த தம்பி, அந்த நொடியில்தான் ஸ்பானர் எடுக்கத் திரும்பியிருந்தார். வண்டிக்குள் உட்கார்ந்திருந்த எங்கள் தகப்பனார் வீடு வரும் வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பட்டறையில் பீடிங்கைக் கழற்றியபோது உள்ளே இருந்தது இரும்பு அல்ல, செம்மண். டிங்கர் சொன்னார்: “அண்ணாச்சி, இந்த வண்டிக்கு லாரி மாதிரி தனி சேஸ் கிடையாது. பாடியே சேஸ். நீங்க ஓட்டை போட்டது அதோட முதுகெலும்புல.”

அவர் சொன்னது சரிதான். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, வங்காளத்தில் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி அம்பாசிடர். 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றுபோயிற்று. இன்று ஓடும் கார்களிலும் பெரும்பாலானவை இதே அமைப்புதான். ரன்னிங் போர்டு என்பது உள்ளே வெற்றிடம் உள்ள தகரப் பெட்டி. கதவுப் பக்கம் இறங்கும் மழைநீரில் கொஞ்சம் அதற்குள்ளும் போகும். போன நீர் வெளியேறக் கீழே சிறு சிறு துவாரங்கள் வைத்திருப்பார்கள். நாங்கள் மேலே ஓட்டை போட்டுச் சேற்றுநீருக்கு வழி விட்டோம். கீழே ரப்பர் வைத்து, அது வெளியேறும் வழியை அடைத்தோம். போதாக்குறைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் சாதா இரும்பும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் சாதா இரும்புதான் முதலில் அரித்துப் போகும். உப்பு சேர்ந்தால் இன்னும் வேகம். உப்பு லாரிகள் ஓடும் தூத்துக்குடி ரோட்டில் மாதம் நாலு நடை போய்வந்த வண்டி எங்களுடையது. அலுமினியப் பீடிங் என்றால் கதை மாறும். அங்கே அலுமினியம்தான் வெண்பொடி பூத்துப் போகும்.

இரண்டு பக்கமும் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்து பெயிண்ட் அடிக்க, பீடிங் செலவைப் போல இருபது மடங்கு ஆயிற்று. வெயிலில் பளபளக்கும் சரக்கை விற்றவர் ஓட்டை போடாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாமும் கேட்கவில்லை.

அதே வண்டிக்குச் சென்ற ஆண்டு மறுபடி பீடிங் வைத்தோம். இம்முறை ஓர் ஓட்டை கூடப் போடவில்லை. வாகனங்களுக்கென்றே விற்கும் அக்ரிலிக் ஃபோம் இருபக்க டேப் கொண்டு ஒட்டினோம். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் வெள்ளை ஸ்பாஞ்ச் டேப் இதற்கு உதவாது. வெயில் பட்டதும் அது கழன்றுவிடும்.

முதலில் கீழே படுத்து, நீர்த் துவாரங்களை மெல்லிய கம்பியால் குத்திப் பார்த்தோம். இரண்டில் மண் அடைத்திருந்தது. துருப்பிடித்த இடம் இருந்தால் ஒட்டும் வேலையை அங்கேயே நிறுத்திவிடவும். துருவின் மேல் ஒட்டுவது புண்ணை மூடிக் கட்டுவது போலத்தான். புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் அது நன்றாக இறுகச் சில வாரம் பொறுக்கவும்.

பிறகு சோப்பு நீரால் கழுவிக் காயவைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து துணியில் நனைத்துத் துடைத்தோம். பாலிஷ் பூச்சு துளி இருந்தாலும் டேப் பிடிக்காது. பெட்ரோலால் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு நிற்கும். தின்னர் பெயிண்டையே தின்றுவிடும்.

அளவு நேர்கோட்டில் நிற்க மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டோம். கீழ் விளிம்புக்கு மேலேயே பீடிங் முடிய வேண்டும். நீர்த் துவாரத்தை அது தொடவே கூடாது. டேப்பின் காகிதத்தை முழுவதும் உரித்துவிட்டு ஒட்டப் போனால் கோணிக்கொள்ளும். நுனியை மட்டும் உரித்து வெளியே மடக்கிவிட்டு, பீடிங்கைச் சரியாகப் பொருத்திய பின் மெல்ல இழுக்க வேண்டும். ஆறடிப் பட்டை என்பதால் இரண்டு பேர் அவசியம். அழுத்துவதற்கு வீட்டுப் பூரிக்கட்டையில் துணி சுற்றி உருட்டினோம். வீட்டம்மா அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, புதிது வாங்கித் தரவேண்டியதாயிற்று.

இந்த டேப் 21 முதல் 38 டிகிரி வரை உள்ள சூட்டில் நன்றாகப் பிடிக்கும். எங்கள் விருதுநகர் வெயிலில் மதியம் தகரத்தைத் தொடவே முடியாது. நிழலில், காலை நேரத்தில் செய்யவும். முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும். அதுவரை வண்டியைக் கழுவக்கூடாது. பின்னால் எடுக்க வேண்டுமென்றால் தலை உலர்த்தும் மெஷினால் சூடாக்கி, நைலான் நரம்பை உள்ளே விட்டு அறுத்தால் பெயிண்டுக்குச் சேதமில்லாமல் வந்துவிடும்.

பதினைந்து ஆண்டு கடந்த சொந்தக் காருக்குப் பதிவைப் புதுப்பித்தால் ஐந்தாண்டுதான் செல்லும். ஒவ்வொரு முறையும் வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அடுத்த முறை போகுமுன் ரன்னிங் போர்டு முழுவதும் சுத்தியல் பிடியால் தட்டிப் பார்ப்பதாக இருக்கிறோம். ‘டங்’ என்றால் தகடு. ‘பொத்’ என்றால் பட்டறை.

டேப் இன்னும் பன்னிரண்டு அடி மிச்சம் இருக்கிறது. தம்பி தன் வேனுக்கும் ஒட்டித் தரச் சொல்லியிருக்கிறார். ஐப்பசி மழை விடட்டும் என்று காத்திருக்கிறோம்.