நூத்துக்கு 80 போதும்!

மெக்கானிக்கல் மக்களே, இன்-பிளான்ட் டிரெய்னிங்ல சில்லர் ரூமுக்குள்ள போறீங்களா? ஒரு நிமிஷம்!

சில்லரைப் பிரித்து ரிப்பேர் பார்க்கும் முன், உள்ளே இருக்கும் ரெஃப்ரிஜிரன்ட்டை சிலிண்டரிலோ டேங்கிலோ இறக்கி வைப்பார்கள். 'இன்னும் இடமிருக்கே, ஃபுல்லா ஏத்திடலாம்'னு தோணும். ஆபத்தே அங்கேதான்! சூடு ஏற ஏற திரவம் விரியும். மேலே காலியிடம் இல்லையென்றால் பிரஷர் எகிறி, சிலிண்டரே வெடிக்கலாம். அதனால் 80 சதவிகிதம்தான் லிமிட். 50 லிட்டர் சிலிண்டரில் ஆர்-134ஏ என்றால் 40 லிட்டர். அதாவது சுமார் 48 கிலோ. கண் மதிப்பெல்லாம் வேண்டாம், தராசில் வைத்தே நிரப்புங்க. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிலிண்டரில் மறுபடி நிரப்பவே கூடாது.

டேங்க்கின் சேஃப்டி வால்விலிருந்து குழாய் போட்டு, கட்டடத்துக்கு வெளியே விடணும். 'லீக் ஆகுது'ன்னு அதை அடைச்சு வைக்கிறது தற்கொலைக்குச் சமம்!

ஆர்-134ஏ வாயு காற்றைவிடக் கனம். தரையோரம் தேங்கி மூச்சுத் திணற வைக்கும். வாசனையும் பெரிசா இருக்காது, மூக்கை நம்பாதீங்க. லீக் சென்சாரைத் தரையோரமா வைக்கிறது அதனாலதான். அலாரம் அடிச்சா உடனே வெளியே ஓடுங்க. உள்ளே நண்பனே மயங்கிக் கிடந்தாலும், சுவாசக் கருவி இல்லாம நுழையாதீங்க. உதவிக்கு ஆள் கூப்பிடுங்க.

செமஸ்டர்ல நூறு வாங்குங்க பாஸ்... சிலிண்டர்ல மட்டும் 80-ஐத் தாண்டாதீங்க!