ஹர்ரானியாவின் தறிகள்: ஊரிலிருந்து பிறக்கும் கலைக் கல்வி

நம் பள்ளிக்கூடங்களில் ஓவிய வகுப்பு என்பது பெரும்பாலும் ஒரு மாதிரிப் படத்தைப் பார்த்து வரைவதாகவே இருக்கிறது. இரண்டு மலைகள், நடுவே உதிக்கும் சூரியன், ஒரு குடிசை. மலையையே பார்த்தறியாத கடற்கரை ஊரின் பிள்ளையும் இதையே வரைகிறது. தன் ஊரின் தோணியும் வலையும் பள்ளிவாசலின் ஹவுலும் அதன் தாளில் இடம்பெறுவதில்லை. ‘உங்கள் ஊரை வரையுங்கள்’ என்று ஆணையிட்டாலும் பயன் விளைவதில்லை. அப்போது மலை இருந்த இடத்தில் மினாரா ஒரு மாதிரியாக வந்து அமர்ந்துகொள்கிறது. அவ்வாறாயின், மாணவன் தான் வாழும் சூழலிலிருந்து கலை படைக்க எவ்வாறு கற்பிப்பது?

எகிப்தில் கீஸா பிரமிடுகளுக்கு அண்மையிலுள்ள ஹர்ரானியா என்னும் சிற்றூரில் நிகழ்ந்த ஒரு முயற்சி இவ்வினாவுக்கு விடை தருகிறது. அதனைத் தொடங்கியவர் ராம்ஸிஸ் விஸ்ஸா வாஸிஃப் (1911–1974). கோப்திக் கிறிஸ்தவரான இவர், பாரிஸில் கட்டடக்கலை பயின்று, கெய்ரோ நுண்கலைக் கல்லூரியில் ஆசிரியராக விளங்கியவர். 1940களின் தொடக்கத்தில் பழைய கெய்ரோவின் பள்ளியொன்றில் சிறுவர்களுக்கு நெசவு கற்பித்துப் பார்த்தார். பின்னர் 1951இல் ஹர்ரானியாவில் நிலம் வாங்கி, அவ்வூர் உழவர் குடும்பத்துப் பிள்ளைகளுக்காகத் தறிகளை அமைத்தார். படைப்பாற்றல் ஒவ்வொரு குழந்தையிடமும் பிறவியிலேயே உள்ளது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. ஃபித்ரா என்னும் கருத்தை அறிந்த நமக்கு இவ்வெண்ணம் அந்நியமானதன்று.

அவர் வகுத்த நெறிகள் மூன்று. முன்கூட்டியே வரைபடம் தீட்டக் கூடாது. பிறருடைய கலைப்படைப்புகளைப் பார்த்து ஒற்றக் கூடாது. பெரியவர்கள் குறைகூறவோ குறுக்கிடவோ கூடாது. ஆசிரியர் கற்பித்தது தொழில்நுட்பத்தை மட்டுமே: பாவு கட்டுதல், ஊடை செலுத்துதல், மஞ்சிட்டியும் அவுரியும் போன்ற செடிகளிலிருந்து எடுத்த சாயத்தைக் கம்பளி நூலில் ஏற்றுதல். எதை நெய்வது என்பது பிள்ளையின் பொறுப்பு.

நெசவைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. சித்திரத் திரை அடியிலிருந்து மேல்நோக்கி, வரி வரியாக வளர்வது. பென்சில் கோட்டைப் போல் அழித்துத் திருத்த இயலாது. பெரிய திரையொன்று முடியப் பல மாதங்கள் ஆகும். அத்தனை காலமும் காட்சியை மனத்தில் தாங்கியிருக்க வேண்டும். ஆகவே நெசவாளர் தம் ஊரை மீண்டும் மீண்டும் உற்று நோக்கலாயினர். பேரீச்ச மரங்களும் வாய்க்கால்களும் அறுவடையும் பறவைகளும் திருமணங்களும் திரைகளில் எழுந்தன. படைப்புகளுக்கு ஊதியமும் வழங்கப்பட்டது. சிறுவராக வந்தோருள் சிலர் முதுமை வரை அங்கேயே நெய்தனர். அத்திரைகள் ஐரோப்பிய நாடுகளில் காட்சிக்கு வைக்கப்பட்டன. மண் செங்கற்களால் குவிமாடங்களுடன் எழுப்பப்பட்ட அக்கலை மையத்திற்கு, 1983இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

இம்முறையை ஐயமின்றி ஏற்க வேண்டும் என்பதில்லை. வெளியுலகக் கலையிலிருந்து பிள்ளைகளை விலக்கி வைப்பதும் ஆசிரியர் செய்யும் ஒரு தேர்வுதானே என்று கேட்கலாம். கைபேசி வீட்டுக்கு வீடு வந்துவிட்ட இன்று, இரண்டாம் நெறியைக் காப்பது இயலாது. ஆயினும் முதலாம், மூன்றாம் நெறிகளுக்கு இவ்விடர்ப்பாடு இல்லை. மாதிரியை விலக்குவதும் குறுக்கிடாமல் பொறுத்திருப்பதும் எந்த ஆசிரியராலும் இயலும்.

மற்றொன்று, உயிரினங்களின் உருவம் பற்றியது. சிலையையும் தட்டையான உருவத்தையும் வேறுபடுத்திக் கண்ட மார்க்க அறிஞர்களும் உளர். இரண்டையுமே தவிர்க்கச் சொன்னவர்களும் உளர். பின்னவர் கருத்தை ஏற்போருக்கும் இக்கல்விமுறையின் கதவு அடைபடுவதில்லை. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் முஸ்லிம் குடும்பத்தினர் கோரையில் நெய்யும் பாய்களைப் பாருங்கள். வண்ணக் கோடுகளாலும் மணமக்களின் பெயர்களாலுமே அவை அழகு பெறுகின்றன. ஆற்றோரத்துப் புல்லும் ஊரின் திருமண வழக்கமும் அங்கே ஒரே பாயில் சேர்கின்றன.

நம் ஊர்களில் பாய் முடைவோரும் மரம் செதுக்குவோரும் பூத்தையல் போடுவோரும் இன்னும் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் அவர்களுள் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்துக் கைத்தொழிலைக் கற்பிக்கச் செய்யலாம். பிறகு மாதிரி எதுவும் தராமல் மாணவரிடம் பொருளை ஒப்படைக்க வேண்டும். முதலில் வருவது கோணலாகத்தான் இருக்கும். அதைத் திருத்த நீளும் நம் கையை அடக்கிக்கொள்வதே ஆசிரியப் பணியின் கடினமான பகுதி. அதற்குத் துணிந்தால்தான் பிள்ளை தன் ஊரைத் தன் கண்ணால் காணத் தொடங்கும்.