நுண்ணுயிரியல்: படிப்பு ஒன்று, வாசல்கள் பல

1986 பிப்ரவரியில் சென்னையிலிருந்து காட்பாடி சென்ற இரவு ரயிலில், ரத்த மாதிரிகள் அடங்கிய பெட்டியோடு ஒரு மாணவி ஏறினார். பெயர் செல்லப்பன் நிர்மலா. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தார். சென்னையில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது பேராசிரியர் சுனிதி சாலமன் அவருக்குக் கொடுத்த ஆய்வேட்டுத் தலைப்பு. 'அது அமெரிக்கக்காரர்களின் வியாதி, இங்கே எங்கே வரப்போகிறது' என்று பலரும் நம்பிய காலம் அது. பாலியல் தொழிலாளர்களிடம் எடுத்த மாதிரிகளைச் சோதிக்கும் வசதி சென்னையில் இல்லாததால் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. அமெரிக்காவில் நடந்த மறுசோதனையும் அதை உறுதி செய்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாக ஆவணமானது இப்படித்தான், ஒரு மாணவியின் ஆய்வேட்டில்.

வேலூரில் அந்தச் சோதனைத் தட்டில் மஞ்சளைக் கொண்டுவந்தது வைரஸ் அல்ல. வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கிய ஆன்டிபாடி. கிருமி வந்துபோன தடத்தை உடலின் எதிர்ப்பைக் கொண்டே கண்டுபிடிக்கும் எலைசா என்ற அந்த முறை பிறந்தது நோயெதிர்ப்பியலில். கல்லூரிகளில் நுண்ணுயிரியலும் நோயெதிர்ப்பியலும் ஒரே துறையின் கீழ் நடப்பதற்குக் காரணமும் இதுவே. கிருமி என்ன செய்கிறது என்பது முதல் பாடம், உடல் பதிலுக்கு என்ன செய்கிறது என்பது இரண்டாம் பாடம். மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு, 1901-இல், இந்த இரண்டும் சந்திக்கும் இடத்துக்கே போனது. தொண்டை அடைப்பான் நோய்க்குச் சீரம் சிகிச்சை கண்டறிந்த எமில் வான் பெரிங் அதைப் பெற்றார்.

இந்தத் துறைக்குள் நுழையும் வாசல் ஒன்றல்ல. நிர்மலா போனது மருத்துவர்களின் வாசல்: எம்.பி.பி.எஸ். முடித்து, அதன் பிறகு எம்.டி. நுண்ணுயிரியல். பெரும்பாலான மாணவர்கள் போவது அறிவியல் வாசல்: பிளஸ் டூவில் உயிரியல் படித்துவிட்டு மூன்று ஆண்டு பி.எஸ்சி., பிறகு எம்.எஸ்சி. இதற்கு நீட் தேவையில்லை. மூன்றாவது வாசல் பி.எஸ்சி. எம்.எல்.டி., டி.எம்.எல்.டி. போன்ற மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்புகள். மூன்றிலும் மைக்ரோஸ்கோப் உண்டு, கிருமி உண்டு. ஆனால் முடித்த பிறகு எந்த நாற்காலியில் உட்காரலாம் என்பது வேறுபடுகிறது. மருத்துவமனை ஆய்வக அறிக்கையில் யார் கையெழுத்துப் போடலாம் என்பது இந்தியாவில் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு. நோயாளியின் அறிக்கைக்கு மருத்துவ விளக்கம் எழுதும் பொறுப்பு மருத்துவரிடமே இருக்கிறது. ஆகவே மருத்துவமனையில் வேலை பார்ப்பதுதான் ஆசை என்று பொது பி.எஸ்சி. நுண்ணுயிரியலில் சேரும் மாணவர், இந்த வேறுபாட்டைச் சேரும்போதே தெரிந்துகொள்வது நல்லது. மூன்றாம் ஆண்டில் தெரியவரும்போது வழி மாற்றுவது கடினம்.

முதலாண்டு ஆய்வகம் பெரும்பாலும் சுத்தத்தைக் கற்றுக்கொடுப்பதிலேயே கழிகிறது. எரியும் பன்சன் விளக்கின் பக்கத்தில் கம்பி வளையத்தைச் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, ஒரு துளி கல்ச்சரைத் தொட்டு, பிளேட்டில் கோடு கோடாக இழுக்க வேண்டும். சரியாக இழுத்தவருக்கு மறுநாள் தனித்தனிப் புள்ளிகளாகப் பாக்டீரியா வளர்ந்திருக்கும். கவனம் சிதறியவருக்குப் பூஞ்சைதான் மிச்சம். 1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டுபிடித்த சாயமேற்றும் முறையை இன்றும் எல்லாக் கல்லூரிகளிலும் முதல் சில வாரங்களிலேயே செய்ய வைக்கிறார்கள். ஊதா நிறம் தங்கினால் கிராம் பாசிட்டிவ், சிவந்தால் கிராம் நெகட்டிவ். எந்த ஆன்டிபயாடிக் வேலை செய்யும் என்பதற்கான முதல் துப்பு மருத்துவருக்கு இதிலிருந்தே கிடைக்கிறது.

பாக்டீரியா வளரும் அந்தப் பிளேட்டில் தமிழகக் கடலோரத்துக்கும் பங்குண்டு. ராபர்ட் கோக்கின் ஜெர்மன் ஆய்வகத்தில் முதலில் ஜெலட்டினில் கிருமிகளை வளர்த்துப் பார்த்தார்கள். இன்குபேட்டரின் சூட்டில் அது உருகி ஓடியது. அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸின் மனைவி ஃபேனி ஹெஸ், தன் சமையலறையில் ஜெல்லி உறைய வைக்கப் பயன்படுத்திய அகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னது 1881-இல். கொதிக்கும் சூட்டை நெருங்கினால்தான் உருகும், 40 டிகிரிக்குக் கீழே வந்தால்தான் உறையும் என்ற அதன் குணம் எல்லாவற்றையும் தீர்த்தது. அகார் எடுக்கப்படும் மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் மன்னார் வளைகுடாவில் மூழ்கிச் சேகரிப்பவர்களில் பலர் ராமநாதபுரம் மாவட்டப் பெண்கள். நோன்புக் காலத்தில் வீடுகளில் செய்யும் கடல்பாசி இனிப்பும் இதே பொருள்தான்.

பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தப் படிப்பு ஒத்துவராது. ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது, காலையில் போட்டதை மறுநாள் காலை பார்த்துவிடலாம். காசநோய்க் கிருமிக்கு ஒருமுறை பிரியவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். கல்ச்சரில் கண்ணுக்குத் தெரிய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று கிருமிகளுக்குத் தெரியாது. விடுமுறை நாளில் ஆய்வகத்தின் பூட்டைத் திறந்து பிளேட் பார்த்துவிட்டுப் போகும் ஆராய்ச்சி மாணவர்கள் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் உண்டு.

இரண்டாம், மூன்றாம் ஆண்டில் வருவது நோயெதிர்ப்பியல். பலரை மிரட்டும் தாள் இது. பி செல், டி செல், சைட்டோகைன், காம்ப்ளிமென்ட் என்று பெயர்ப் பட்டாளம். பேருந்து நிலையப் பலகையைப் போல மனப்பாடம் செய்தால் தேர்வு வரை தாங்கும், அதற்கு மேல் தாங்காது. கேள்வியாகப் படித்தால் கதை வேறு. கிருமிகளை அழிக்கும் டி செல்கள் ஏன் நம் சொந்த உடலைத் தாக்குவதில்லை? இதே கேள்விக்கு விடை தேடிய மூவருக்குத்தான் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல். மற்ற டி செல்களுக்குக் கடிவாளம் போடும் ஒரு வகைச் செல் இருப்பதை ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-இல் காட்டினார். மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெல்லும், சொந்த டி செல்களே உடலைத் தாக்குவதால் தோல் செதில் செதிலாக உரிந்து இளம் வயதிலேயே இறந்துபோகும் ஒருவகை எலியை ஆராய்ந்து, பழுதான மரபணுவை 2001-இல் கண்டுபிடித்தார்கள். இவர்கள் இருவரும் அந்த வேலையைச் செய்தது பல்கலைக்கழகத்தில் அல்ல, அமெரிக்காவில் இயங்கிய ஓர் உயிர்த்தொழில்நுட்ப நிறுவனத்தில்.

நிறுவன வேலை என்றவுடன் எல்லோருக்கும் தடுப்பூசிதான் நினைவுக்கு வரும். தமிழகத்துக்கு அதில் நீண்ட அனுபவம் உண்டு. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் 1899-இலும், குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907-இலும், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம் 1948-இலும் தொடங்கப்பட்டவை. இன்று பெரிய தனியார் தடுப்பூசி ஆலைகள் புனேயிலும் ஹைதராபாத்திலும் இருக்கின்றன. ஆனால் பட்டதாரிகளை அதிகம் எடுப்பது தடுப்பூசியைவிடச் சாதாரண மருந்து ஆலைகளின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு. ஊசி மருந்து எதுவானாலும் கிருமி இல்லை என்று காட்டாமல் வெளியே போகாது. அதற்கான ஸ்டெரிலிட்டி சோதனை 14 நாள் நீளும். தலை முதல் கால் வரை மூடிய உடையில், காற்று வடிகட்டிய அறையில், பிளேட்டைத் திறந்து வைத்துக் காற்றில் கிருமி விழுகிறதா என்று பார்ப்பதே சிலருக்கு முழுநேர வேலை. செய்ததையெல்லாம் அந்தந்த நிமிடமே பதிவேட்டில் எழுதியாக வேண்டும். எழுதாத சோதனை, ஆய்வுக்கு வரும் அதிகாரியின் கணக்கில் நடக்காத சோதனை.

உணவும் நீரும் இன்னொரு பெரிய களம். இறாலைப் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனத்தின் ஆய்வகத்தில் 25 கிராம் மாதிரியை எடுத்துச் சால்மோனெல்லா தேடுவார்கள். இருந்தால் அந்தச் சரக்கு தேறாது. கேன் தண்ணீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி 250 மில்லி மாதிரியில் ஓர் ஈ.கோலைகூட இருக்கக் கூடாது. பால் பண்ணை, ஐஸ்கிரீம், மசாலா, பேக்கரி என்று ஊருக்கு ஊர் இந்த வேலை இருக்கிறது. விவசாயிகள் உரக்கடையில் கேட்டு வாங்கும் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, சூடோமோனாஸ் பாக்கெட்டுகளுக்குப் பின்னாலும் கல்ச்சர் வளர்க்கும் ஒருவர் இருக்கிறார். சொந்தத் தொழிலாக இதைத் தொடங்கிய பட்டதாரிகளும் உண்டு.

தொடக்கச் சம்பளம் பற்றி ஒளிக்க ஒன்றுமில்லை. வெறும் பி.எஸ்சி.யோடு போனால் குறைவுதான், பொறியியல் படித்த நண்பரோடு ஒப்பிட்டால் மனம் சோரும். 2020-இல் கொரோனா பரிசோதனைக்கான ஆர்.டி.பி.சி.ஆர். ஆய்வகங்களுக்கு ஏராளமானோர் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்பட்டார்கள், பெருந்தொற்று தணிந்ததும் அந்த ஒப்பந்தங்களும் முடிந்தன. இந்தத் துறையில் மதிப்பு கூடுவது ஒரு நுட்பம் கைவசமாகும்போது. செல் கல்ச்சர், ஃப்ளோ சைட்டோமெட்ரி, மரபணு வரிசைப்படுத்தல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைத் தனியாகச் செய்யத் தெரிந்தவரைத் தேடுகிறார்கள். ஐ.ஐ.டி. மும்பையில் உருவான கார்-டி ரத்தப் புற்றுநோய் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. நோயாளியின் டி செல்லை எடுத்து, மாற்றியமைத்து, பெருக்கி, திருப்பிச் செலுத்துவது அதன் வேலைமுறை. இதில் ஒவ்வொரு படிக்கும் நோயெதிர்ப்பியல் படித்த கை வேண்டும்.

ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவர்களுக்கு எம்.எஸ்சி.க்குப் பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட், ஐ.சி.எம்.ஆர். ஜே.ஆர்.எஃப். போன்ற தேர்வுகள் இருக்கின்றன. தேறினால் மாத உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 37,000 ரூபாய். எம்.எஸ்சி.யிலேயே உதவித்தொகையோடு நல்ல பல்கலைக்கழகத்தில் சேர கேட்-பி தேர்வு உதவும். தமிழகத்திலிருந்து செய்ய முடியாதது என்று எதுவும் இல்லை. கடைசிக்கட்ட ஆன்டிபயாடிக்குகளுக்கும் அடங்காத என்.டி.எம்.-1 கிருமிகள் பற்றி 2010-இல் லான்செட் குழும இதழில் வெளிவந்து உலகம் முழுவதும் பேசப்பட்ட கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தைச் சேர்ந்த ஓர் ஆராய்ச்சி மாணவர்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைவிட ஆய்வகத்தைப் பார்ப்பது பயன் தரும். ஆட்டோகிளேவும் இன்குபேட்டரும் வேலை செய்கின்றனவா, எலைசா ரீடர் உறை போட்டு மூடிக் கிடக்கிறதா, கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டை மாணவர்கள் தாங்களே செய்கிறார்களா, காசு கொடுத்து வெளியே செய்து வாங்குகிறார்களா என்று விசாரிக்கலாம். மூன்றாமாண்டு மாணவர் ஒருவரைத் தனியே பிடித்து, இந்த வருடம் சொந்தமாக எத்தனை பிளேட் ஊற்றினீர்கள் என்று கேட்டால் பாதி விவரம் வந்துவிடும். மீதிக்குத் துறைத் தலைவரிடம், சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கலாம்.