சேர்ந்து கிளம்பினாலும் கவுண்டரில் தனித்தனிதான்

நசரத்பேட்டை, பூந்தமல்லி, திருமழிசைப் பக்கம் இன்ஜினியரிங் முடித்து, முதல் வேலையில் கொஞ்சம் காசு சேர்த்த பிள்ளைகளிடம் இப்போது அடிக்கடி கேட்கிற பேச்சு: தோளில் ஒரு பை, கூட ஒரு நண்பன், ஒரே மாதத்தில் மலேசியா, தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம். டீக்கடையில் இந்தத் திட்டம் பத்து நிமிடத்தில் முடிவாகிவிடும். விவரம் கேட்டால் "பாத்துக்கலாம் மச்சான்" என்ற பதில் வரும். ஊர் சுற்றுவதில் நிறைய விஷயங்களை உண்மையிலேயே அப்படிப் பார்த்துக்கொள்ளலாம். எங்கே சாப்பிடுவது, எந்த ஊரில் எத்தனை நாள் என்பதெல்லாம் போகிற போக்கில் முடிவாகும். காகிதமும் பணமும் அப்படியல்ல. இரண்டு பேர் சேர்ந்து போனாலும் ஒவ்வொரு இமிகிரேஷன் கவுண்டரிலும் ஒவ்வொருவராகத்தான் நிற்க வேண்டும். "ஃபிரெண்டுகிட்ட இருக்கு சார்" என்பது அங்கே செல்லாது. ஆகவே ஆளுக்கொரு முழுப் பயணத்துக்கான ஏற்பாட்டைத் தனித்தனியே செய்துகொண்டு, பிறகு சேர்ந்து நடங்கள் என்பேன்.

முதலில் பாஸ்போர்ட். நசரத்பேட்டை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தாலும் விண்ணப்பம் சென்னை மண்டல அலுவலகத்துக்குத்தான் போகும். சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய இடங்களில் பாஸ்போர்ட் சேவா கேந்திரங்கள் உண்டு. 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2000. தட்கல் என்றால் மேலே இன்னொரு 2000. லாவோஸ் விசா ஸ்டிக்கர் ஒரு முழுப் பக்கத்தைத் தின்றுவிடும். எல்லைகளைத் தரைவழியே கடப்பவருக்கு முத்திரைகளும் கூடும். 500 ரூபாய்க்குக் கணக்குப் பார்க்காமல் 60 பக்கத்தை வாங்கிவிடுவது நல்லது. ஏற்கெனவே பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் காலாவதித் தேதியைப் பாருங்கள். நாட்டுக்குள் நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும் என்பதுதான் இந்த நாடுகளில் பொது விதி.

தமிழர்களுக்கென்று தனியாக ஒரு தலைவலி இருக்கிறது. அது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் சிலருக்கு அப்பா பெயர் 'சர்நேம்' கட்டத்தில் இருக்கும். சிலருக்கு அந்தக் கட்டமே காலி. விமான நிறுவனத்தின் படிவமும் இ-விசா படிவமும் அந்தக் கட்டத்தைக் காலியாக விடப் பெரும்பாலும் சம்மதிக்காது. சில நிறுவனங்கள் இருக்கிற ஒரே பெயரை இரண்டு முறை எழுதச் சொல்லும். சில வேறு எழுத்துகளைப் போடச் சொல்லும். நிறுவனத்துக்கு நிறுவனம் வழக்கம் வேறு. டிக்கெட் எடுக்கும் முன்பே அந்தந்த நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். பிறகு திருத்தினால் காசு போகும். சில மலிவு டிக்கெட்டுகளில் திருத்தவே முடியாது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தபோது நம்மவர்கள் பலர் திண்டாடினார்கள். துபாய் வழியாகப் போகும் எண்ணம் இல்லாவிட்டாலும், ஒற்றைப் பெயர்க்காரர்கள் பாஸ்போர்ட்டை மறுபடி எடுத்து அப்பா பெயரைச் சேர்த்துவிட்டால் ஆயுள் முழுக்க நிம்மதி. நண்பர் பெயர் சரியாக இருப்பதால் உங்களுடையதும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

அடுத்து வழி. மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு தந்திருக்கிறது. இப்போதைய அறிவிப்பு 2026 டிசம்பர் 31 வரை. தாய்லாந்து 2023 நவம்பரில் விசாவை விலக்கி, 2024 ஜூலையில் 60 நாளாக நீட்டியது. அதைக் குறைக்கும் பேச்சு பிறகு எழுந்ததால் 30 நாளுக்குள் முடிகிற மாதிரி போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். விசா இல்லை என்பதற்காக வேலையே இல்லை என்று நினைக்க வேண்டாம். இரண்டு நாடுகளுக்கும் வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும், ஆளுக்கு ஒன்று. அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் கண்ணில் பட்டால் அது அரசுத் தளமல்ல. வியட்நாமுக்கு இ-விசா உண்டு. ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர், 90 நாள் வரை. எந்தக் கடவு வழியாக நுழைகிறீர்கள் என்று விண்ணப்பத்திலேயே கேட்பார்கள். லாவோஸுக்கு எல்லையில் வாங்கும் விசா உண்டு. கசங்காத டாலர் நோட்டு வைத்திருங்கள். இ-விசாவும் உண்டு, ஆனால் எல்லாக் கடவுகளிலும் அதை ஏற்பதில்லை. சிங்கப்பூருக்கு முன்கூட்டியே விசா வேண்டும். அதனால் முதல் சுற்றில் அதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம், அங்கிருந்து ரயில் என்பது கைக்கு அடக்கமான வழி. கோலாலம்பூர் சென்ட்ரலில் ஏறினால் மின்சார ரயில் ஈப்போ கடந்து எல்லையோர பாடாங் பெசார் வரை போகும். பட்டர்வொர்த் போகும் ரயிலில் ஏறி அங்கே இறங்கினால் ஃபெரியில் பினாங்கு. சென்னைத் துறைமுகத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஓடிய காலம் ஒன்று இருந்தது. 1985 பிப்ரவரியில் எம்.வி. சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்ததோடு அது முடிந்துபோனது. பினாங்கிலுள்ள ஜார்ஜ் டவுனின் குட்டி இந்தியாவில் நடந்தால் அந்தக் கப்பல்களில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் தமிழைக் கேட்டு ஊர் எது என்று விசாரிப்பார்கள். பாடாங் பெசாரில் இரண்டு நாட்டு இமிகிரேஷனும் ஒரே ஸ்டேஷனுக்குள் இருக்கின்றன. மலேசியக் கடிகாரம் தாய்லாந்தைவிட ஒரு மணி நேரம் முந்தியது என்பதை மறக்காதீர்கள். எல்லை தாண்டி ஹாட்யாய் போகும் குறுந்தூர ரயிலின் நேரம் இதில்தான் குழம்பும். ஹாட்யாயிலிருந்து ராத்திரி ரயிலில் பாங்காக். அங்கிருந்து லாவோஸ் தலைநகர் வியன்டியானுக்கு 2024 ஜூலை முதல் நேரடி ரயில் ஓடுகிறது. வியன்டியானிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு 2021 டிசம்பரில் திறந்த சீன ரயில் பாதை. அங்கிருந்து ஹனாய்க்குப் பேருந்திலும் போகலாம், ஆனால் ஒரு நாள் முழுக்க மலைப்பாதையில் உடம்பு குலுங்கும். நான் விமானத்தையே சொல்வேன். ஹனாயிலிருந்து ஹோ சி மின் நகருக்கு 1726 கிலோமீட்டர் ரயில் பாதை. கடைசியில் அந்த நகரத்தின் மாரியம்மன் கோயில், அதுவும் நம்மவர்கள் கட்டியது.

கம்போடியாவையும் சேர்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். 2025 ஜூலையில் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் எல்லையில் சண்டையே மூண்டது. தரைக் கடவுகள் மூடப்பட்டன. இப்படிப்பட்ட இடத்தில் தரைவழியை நம்பித் தேதி போடக்கூடாது. பருவமும் அப்படித்தான். அக்டோபர், நவம்பரில் மத்திய வியட்நாமில் வெள்ளம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வடக்கு லாவோஸில் காட்டை எரிக்கும் புகை. டிசம்பர், ஜனவரியில் ஹனாயில் ஸ்வெட்டர் இல்லாமல் இருக்க முடியாது. நசரத்பேட்டைக்காரரின் பீரோவில் அது இருக்குமா என்பது தனிக் கேள்வி. நம் சித்திரை முதல் நாளை ஒட்டித்தான் தாய்லாந்தின் தண்ணீர்த் திருவிழாவான சொங்க்ரானும் வருகிறது. அந்த வாரம் ரயிலில் இடம் கிடைக்காது, தெருவில் நனையாமல் நடக்க முடியாது.

சென்னை விமான நிலையத்திலேயே சில கேள்விகள் வரும், அதற்குக் கோபப்பட வேண்டாம். 2022 முதல் மியான்மர், கம்போடியா, லாவோஸ் ஆகிய நாடுகளில் இணைய மோசடிக் கூடங்களுக்கு 'கம்ப்யூட்டர் வேலை' என்று ஆசைகாட்டி நம் இளைஞர்களைக் கடத்திப் போன கதைகள் ஏராளம். பெரும்பாலும் பாங்காக் வழியாகத்தான் கொண்டுபோனார்கள். அதனால் இருபத்தைந்து வயதுப் பையன்கள் இருவர் பாங்காக், லாவோஸ் என்று சொன்னால் அதிகாரி நின்று விசாரிப்பது நியாயம்தான். திரும்பும் டிக்கெட், முதல் சில இரவுகளுக்கான அறைப் பதிவு, வேலை செய்யும் இடத்தின் விடுப்புக் கடிதம், கார்டில் பணம் இருப்பதற்கான ஆதாரம் ஆகியவை உங்கள் பெயரில் உங்களிடமும், அவர் பெயரில் அவரிடமும் இருக்கட்டும். அறையை ஒருவர் பெயரில் மட்டும் பதிந்தால் மற்றவர் காட்ட எதுவும் இல்லாமல் போகும். பத்தாம் வகுப்பு முடிக்காதவருக்கு வரும் 'இசிஆர்' முத்திரை வேலைக்குப் போகிறவர்களுக்கான ஏற்பாடு. அந்த முத்திரை உள்ளவர்கள் வேலைக்குப் போக அனுமதி வாங்க வேண்டிய நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் தாய்லாந்தும் இருக்கின்றன. முத்திரை உள்ள நண்பர் என்றால் மேற்சொன்ன காகிதங்களில் ஒன்றுகூடக் குறையக்கூடாது.

பணத்துக்கு வருவோம். 2020 மார்ச்சிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அடைத்தே வரும். வங்கிச் செயலியில் நாம்தான் திறக்க வேண்டும், கிளம்பும் முன்பே. தாய்லாந்து ஏடிஎம்மில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் நிலையான ஒரு கட்டணம் பிடிப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதைவிட ஒரே முறை பெரிதாக எடுப்பது லாபம். இயந்திரம் "ரூபாயில் கணக்கிடவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கை வைப்பார்கள். ஆளுக்கு இரண்டு கார்டு வைத்து, ஒன்றை நண்பரின் பையில் போடுங்கள், அவருடையதில் ஒன்று உங்கள் பையில். பை திருடு போனால் தங்க இடமாவது மிஞ்சும்.

நண்பரோடு சண்டை வருவது பெரும்பாலும் பணத்தால்தான் என்பார்கள். எனக்குத் தோன்றுவது, தூக்கத்தாலும் வேகத்தாலும்தான். ஒருவர் ஆறு மணிக்கு எழுந்து சந்தைக்குப் போக நினைப்பவர், இன்னொருவர் பதினோரு மணிக்குத்தான் கண்ணைத் திறப்பவர். கிளம்பும் முன்பே உட்கார்ந்து பேச வேண்டியவை: ஒரு நாளுக்கு அதிகபட்சம் எவ்வளவு, படுக்கைக்கு எவ்வளவு, குடி உண்டா, அதற்கு யார் கணக்கில் பணம், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் நிற்பாரா போவாரா. அறை, டாக்ஸி, தண்ணீருக்குப் பொதுப் பை வைத்து இருவரும் ஒரே அளவு போட்டுவிடுங்கள். சாப்பாட்டை அதில் சேர்க்காதீர்கள். ஒருவர் சைவம், ஒருவர் கடல் நண்டு என்றால் வாரத்துக்குள் மனக்கசப்பு வரும். சைவர்களுக்கு வழி இருக்கிறது: தாய்லாந்தில் 'ஜே', வியட்நாமில் 'சாய்' என்று எழுதிய கடைகளில் மீன் சாறு இல்லாமல் கிடைக்கும்.

பிரிந்து போவதையும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி நண்பர்கள் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். 1928 மார்ச்சில் சுற்றை முடித்துத் திரும்பியவர்கள் அடி ஹக்கிம், ஜல் பாபசோலா, ருஸ்தம் பூம்காரா மூவர்தான். மற்றவர்கள் நடுவழியில் விலகினார்கள். அந்தப் பயணத்தைத் தோல்வி என்று யாரும் சொல்வதில்லை. "லுவாங் பிரபாங்கில் நான் நிற்கிறேன், நீ போ, ஹனாயில் பார்ப்போம்" என்று சொல்லும் வசதி இருவருக்கும் இருக்க வேண்டும். அதற்குத்தான் மேலே சொன்ன தனித்தனிக் காகிதங்கள்.

காப்பீட்டையும் ஆளுக்கொன்றாக எடுங்கள். பைக் ஓட்டும் எண்ணமிருந்தால் அதற்கான ஷரத்தைப் படியுங்கள். பூந்தமல்லி ஆர்டிஓவில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி அமைந்தது. அது தாய்லாந்தில் செல்லும். வியட்நாம் 1968 வியன்னா ஒப்பந்தப்படி தரப்படும் அனுமதியையே ஏற்கிறது. நம் அனுமதியை வைத்து அந்நாட்டின் ஹா ஜியாங் மலைச்சாலையில் ஓட்டி விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கும். பின்னால் உட்கார்ந்து வர அங்கே ஓட்டுநரோடு பைக் கிடைக்கிறது, அதை எடுங்கள்.

பை ஏழு கிலோவுக்குள் இருந்தால் மலிவு விமானங்களில் கூடுதல் காசு இல்லை. பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், 20,000 மில்லி ஆம்பியர் அளவு வரை பிரச்சினை இல்லை. அம்மா கட்டித் தரும் பொடிகளில் கசகசா இருக்கிறதா என்று பாருங்கள். வழியில் சிங்கப்பூர் வந்தால் அது அங்கே தடைசெய்யப்பட்ட பொருள். வேப் கருவி சிங்கப்பூரிலும் தாய்லாந்திலும் குற்றம். பாங்காக்கில் தெரிந்தவர் ஒருவர் சென்னையிலுள்ள மாமாவுக்கென்று பார்சல் கொடுத்தால் வாங்காதீர்கள். பாங்காக்கிலிருந்து வரும் விமானங்களில் கஞ்சா பிடிபடுவது சென்னை விமான நிலையத்தில் வழக்கமான செய்தி. போதைப்பொருள் சட்டத்தில், பையை எடுத்து வந்தவரைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு, கட்டிய பையோடு இருவரும் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரை நடந்து பாருங்கள். அடுத்த சனிக்கிழமை பூந்தமல்லியில் பேருந்து ஏறி, காஞ்சிபுரத்தில் மலிவு அறையில் ஓர் இரவு தங்கிவிட்டு வாருங்கள். ஒருவர் குறட்டை விடுவதும், இன்னொருவர் குளியலறையை முக்கால் மணி நேரம் பிடித்துவைப்பதும் அங்கேயே தெரிந்துவிடும். பையிலிருந்து எதை எடுத்து வீட்டில் வைக்க வேண்டும் என்பதும் தோள் சொல்லும். மலேசிய விமானங்கள் பல நள்ளிரவையொட்டிக் கிளம்புகின்றன. போரூர், கிண்டி நெரிசலைத் தவிர்க்கக் குன்றத்தூர், பல்லாவரம் வழியாக வண்டி வைத்துக்கொண்டு, விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள்.