காலிப் பெட்டி செய்த மாயம்!

பத்திரிகை அட்டையில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, முன்பின் தெரியாத கம்பெனிக்கு நானூறு டாலர் அனுப்பி வைப்பீர்களா? "எனக்கென்ன பைத்தியமா?" என்பீர்கள். ஆனால் 1975-ம் வருஷம் அமெரிக்காவில் ஆயிரக் கணக்கானவர்கள் இதைத்தான் செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அட்டையில் இருந்தது வெறும் காலிப் பெட்டி!

கதையைக் கேளுங்கள்.

நியூ மெக்ஸிகோவில் அல்புகர்க்கி என்று ஓர் ஊர். அங்கே 'மிட்ஸ்' என்ற சிறு கம்பெனியை நடத்தி வந்தார் எட் ராபர்ட்ஸ். கால்குலேட்டர் வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. பெரிய கம்பெனிகள் அதில் இறங்கி விலையைத் தரைமட்டமாக்கின. 1974-ல் ராபர்ட்ஸின் தலைமேல் சுமார் 3 லட்சம் டாலர் கடன்!

வேறொருவர் என்றால் கடையைக் கட்டியிருப்பார். ராபர்ட்ஸோ பாங்குக்குப் போய் இன்னும் 65,000 டாலர் கேட்டார். "வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கம்ப்யூட்டர் செய்யப் போகிறேன். 800 விற்கும்" என்றார். அவர் மனத்துக்குள் போட்டிருந்த கணக்கு, 200 விற்றால் தப்பித்தோம் என்பதுதான்!

'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' பத்திரிகை அதை அட்டையில் போட ஒப்புக்கொண்டது. முதல் யந்திரம் நியூயார்க்குக்குப் பார்சலில் புறப்பட்டது, போய்ச் சேரவில்லை! வழியிலேயே தொலைந்துவிட்டது. இன்னொன்று செய்ய நேரமேது? ஒரு பெட்டியில் விளக்கையும் ஸ்விட்சையும் பொருத்திப் படம் எடுத்துவிட்டார்கள். 1975 ஜனவரி இதழில் 'ஆல்டேர் 8800' உதயமாயிற்று.

விலை 397 டாலர். அதன் மூளையான 'இன்டெல் 8080' சிப் ஒன்றே சில்லறையில் 360 டாலர். ராபர்ட்ஸ் மொத்தமாகப் பேசி, ஒன்று 75 டாலருக்கு வாங்கிவிட்டார். அதுதான் சூட்சுமம்.

தபால் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தது. பிப்ரவரி முடிவதற்குள் 1,000 ஆர்டர்! கம்பெனி பிழைத்தது.

வாங்கியவர்கள் பாடு? பார்சலைப் பிரித்தால் பொடிப் பொடியான சாமான்கள்! ஒவ்வொன்றாக ஈயப் பற்று வைத்து, ராக்கண் விழித்துப் பூட்ட வேண்டும். ஒரு பற்று பிசகினாலும் யந்திரம் பேசாது.

பூட்டி முடித்தாலும் திரை கிடையாது. எழுத்துப் பலகை கிடையாது. முகப்பில் வரிசையாக ஸ்விட்சுகள், சிவப்பு விளக்குகள். ஸ்விட்ச் மேலே இருந்தால் ஒன்று, கீழே இருந்தால் பூஜ்யம். இரண்டும் இரண்டும் நாலு என்று காட்டவே பல தடவை தட்ட வேண்டும். ஞாபக சக்தியோ 256 எழுத்துக்குத்தான். ஒரு தபால் கார்டில் அதைவிட அதிகம் எழுதலாம்! மின்சாரம் நின்றால் அதுவும் போச்சு.

இதைக் கொண்டு என்ன சாதிக்க முடியும் என்று கேட்கிறீர்களா? 1975 ஏப்ரலில் கலிபோர்னியாவில் 'ஹோம்ப்ரூ' கம்ப்யூட்டர் சங்கத்தின் கூட்டம். ஸ்டீவ் டாம்பியர் என்ற அங்கத்தினர் தாம் பூட்டிய ஆல்டேரைக் கொண்டு வந்தார். ஸ்விட்சுகளைப் பொறுமையாகத் தட்டினார். பக்கத்தில் ஒரு சின்ன ரேடியோவை வைத்தார். ரேடியோவில் எழுந்த இரைச்சல் பீட்டில்ஸ் பாட்டாக ஒலித்தது! கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்தச் சங்கத்தில் இருந்த ஸ்டீவ் வாஸ்னியாக்தான் மறு வருஷம் முதல் 'ஆப்பிள்' கம்ப்யூட்டரைச் செய்தவர்.

அதே அட்டைப் படம் இன்னும் இருவர் தூக்கத்தையும் கெடுத்தது. ஒருவர் பால் ஆலன். மற்றவர் 19 வயது மாணவர் பில் கேட்ஸ். ஆல்டேரைக் கண்ணால்கூடப் பார்க்காமல் அதற்கு 'பேஸிக்' மொழியை எழுதினார்கள். ஆலன் அதை எடுத்துக்கொண்டு விமானம் ஏறினார். இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று கேட்டார். யந்திரம் நாலு என்று அச்சடித்தது. பிறந்தது 'மைக்ரோஸாப்ட்'!

ராபர்ட்ஸ் என்ன ஆனார்? 1977-ல் கம்பெனியை விற்றுவிட்டார். இளமையில் டாக்டராக ஆசைப்பட்டவர் அவர். நாற்பதைக் கடந்த வயதில் வைத்தியம் படித்து, 1986-ல் பட்டம் பெற்று, ஜார்ஜியாவில் கோக்ரன் என்ற சிற்றூரில் நோயாளிகளைப் பார்த்து வந்தார்.

2010-ல் அவர் மரணப் படுக்கையில் இருந்தபோது, தேடி வந்து பார்த்தவர்களில் ஒருவர் பில் கேட்ஸ். இடையில் இருவருக்கும் சட்டத் தகராறுகூட வந்ததுண்டு. ஆனாலும், முதல் கதவைத் திறந்துவிட்டவரை மறக்க முடியுமா?

இன்று உங்கள் கைப்பையில் இருக்கும் டெலிபோனைப் பாருங்கள். அதன் முன்னோர்களில் ஒன்று, விளக்கு மட்டும் பொருத்திய அந்தக் காலிப் பெட்டி!