முளைப்பெட்டி வாங்குமுன் வெப்பமானி வாங்குங்கள்

நுவரெலியாவில் விதையும் விவசாய உபகரணங்களும் விற்கும் சிறிய கடையொன்றை இருபத்தேழு வருடங்களாக நடத்தி வருகிறேன். விற்ற சாமானுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது இவ்வளவு காலத்தில் மூன்று நான்கு தடவைகள்தான். அவற்றில் ஒன்று இன்றும் மனதை உறுத்துகிறது. இந்த வாரம் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

2022 இல் நாடு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். மரக்கறி விலை கைக்கெட்டாமல் போனது. வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அந்த ஜூன் மாதத்தில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையே கொடுத்தார்கள். மண்ணில் கை வைத்தறியாதவர்களும் என் கடைக்கு வந்து விதைப் பக்கற் வாங்கிப் போனார்கள். ஆனால் எமது ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவுதான். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்மேல் பனி உறைந்து கிடக்கும். கோவா, லீக்ஸ், கரட் இந்தக் குளிரில் முளைக்கும். குடைமிளகாய், தக்காளி, கத்தரி ஆகியவை முளைக்கச் சுணங்கும். ஈர மண்ணில் நாட்கணக்கில் கிடந்து அழுகியும் போகும்.

2023 இல் இங்கிலாந்தில் வசிக்கும் என் தங்கையின் மகன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு பெட்டி கொண்டு வந்தான். அடியில் மின்சாரத்தால் இளஞ்சூடாகும் தட்டு, அதன்மேல் நாற்றுத்தட்டு, அதற்கு மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி. அங்கே புரொபகேட்டர் என்கிறார்களாம். "மாமா, அங்கே மே மாதம் வரைக்கும் வெளியில் தக்காளி வைக்க ஏலாது. அதனால் பெப்ரவரி, மார்ச்சிலேயே ஜன்னலோரத்தில் இந்தப் பெட்டியில் நாற்றுப் போட்டுவிடுவார்கள்" என்றான். இது எமது ஊருக்கென்றே செய்த சாமான் என்று எனக்குப் பட்டது. கொழும்பில் ஓர் இறக்குமதியாளரிடம் பார்வைக்கு அதே மாதிரியான, விலை குறைந்த பெட்டிகள் இருந்தன. பன்னிரண்டு எடுத்து வந்து, ஒன்றை 7,500 ரூபாவுக்கு விற்றேன். மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்தது.

அவற்றில் ஒன்றை வாங்கியவர் எமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு ராத்தா. கணவர் மௌத்தான பிறகு வீட்டில் நாற்று வளர்த்து விற்று வாழ்பவர். ஒட்டு இனக் குடைமிளகாய் விதை நூறு வாங்கி, பெட்டியில் போட்டு, நல்ல வெளிச்சம் படட்டும் என்று கிழக்கு ஜன்னலில் வைத்தார். பதினெட்டு நாட்கள் கழித்துக் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "தம்பி, ஒன்றுகூட முளைக்கவில்லை. வெந்து போன மாதிரி இருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வெயில் நேரத்தில் மண்ணுக்குள் வெப்பமானியை வைத்தபோது 43 பாகை காட்டியது. விதை உண்மையிலேயே வெந்துதான் போயிருந்தது. பெட்டியின் விலையையும் விதையின் விலையையும் கொடுத்தேன். ஆனால் நாற்றுக்குச் சொல்லி வைத்திருந்தவர்கள் வேறிடம் போய்விட்டார்கள். அதற்கு நான் ஈடு கொடுக்க முடியவில்லை. தெரியாத சாமானைத் தெரிந்தவன்போல் விற்றது என் பிழை.

பிழை எங்கே என்று பிறகுதான் படித்தேன். மலிவான முளைப்பெட்டிகள் பலவற்றில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டட் கிடையாது. அந்தப் பெட்டி 25 பாகை, 30 பாகை என்று ஓர் அளவில் நிற்பதில்லை. அறையில் என்ன வெப்பநிலை உள்ளதோ அதோடு ஏறத்தாழ 8 முதல் 10 பாகை கூட்டும், அவ்வளவுதான். இரவில் அறை 12 பாகை என்றால் மண் 20, 22 வரை வரும். அது நல்லது. பகலில் அறை 24 என்றால் மண் 34 ஆகும். அதற்குமேல் மூடியில் வெயில் பட்டால் 40 ஐத் தாண்டும். இங்கிலாந்தின் மங்கலான பெப்ரவரி வெளிச்சத்தில் சரியாக இயங்கும் பெட்டி, எமது மலைநாட்டு வெயிலில் அடுப்பாகிவிடுகிறது.

விதைக்கு எவ்வளவு சூடு தேவை? குடைமிளகாய் விதை 15 பாகை மண்ணில் முளைக்க ஏறக்குறைய 25 நாட்கள் எடுக்கும். 25 பாகையில் எட்டு, ஒன்பது நாட்கள் போதும். தக்காளி 15 பாகையில் இரண்டு வாரம், 25 பாகையில் ஆறு நாள். 40 பாகையில் இரண்டும் முளைப்பதில்லை. சலாது இதற்கு நேர்மாறு. மண் 30 பாகையைத் தாண்டினால் அதன் விதை உறங்கிவிடும். ஆகவே சலாது, கோவா, லீக்ஸ் போடுபவருக்கு இந்தப் பெட்டி வீண் செலவு. கரட் நேரே நிலத்தில் விதைக்கும் பயிர். கொழும்பு, புத்தளம், கல்முனை போன்ற சூடான ஊர்களில் இருப்பவர்களுக்கும் இது தேவையில்லை. அங்கே காற்றே 27, 28 பாகையில் இருக்கிறது. நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடை போன்ற இடங்களில் மிளகாய், தக்காளி, கத்தரி இனங்களை நாற்றுப் போடுபவருக்கு மட்டுமே இது பயன் தரும்.

வாங்கத்தான் வேண்டும் என்றால் பின்வரும் விடயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, தேர்மோஸ்டட். விலையில் பெரும் வித்தியாசம் இதனால்தான் வருகிறது. கொடுக்கும் பணத்துக்கு உரிய பயனும் இதில்தான் இருக்கிறது. அதன் உணர்முனையை விதை கிடக்கும் ஆழத்தில் மண்ணுக்குள் வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். காற்றின் சூட்டை அளப்பது போதாது.

இரண்டாவது, மின்னழுத்தம். எமது நாட்டிலும் இங்கிலாந்திலும் 230 வோல்ட். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பும் பெட்டி 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. இங்கே நேரடியாகச் செருகினால் எரிந்துவிடும். ஈரமும் மின்சாரமும் சேரும் இடம் என்பதால் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். செருகியைத் தட்டின் நீர் வடியாத உயரத்தில் வையுங்கள்.

மூன்றாவது, மூடி. காற்றுத்துளையைத் திறந்து மூடக்கூடியதாக இருக்க வேண்டும். உள்ளே புழுக்கம் கூடினால் பூஞ்சணம் பிடித்து, முளைத்த நாற்று அடித்தண்டில் அழுகிச் சாயும். பல இனங்களைப் போடுபவர் தனித்தனி மூடியுள்ள சிறு தட்டுகள் கொண்டதை வாங்கட்டும். தக்காளி ஆறு நாளில் முளைத்து வெளியே வந்துவிடும். மிளகாய் இன்னும் சில நாள் உள்ளே இருக்க வேண்டும்.

நான்காவது, அளவு. பெரிதை வாங்க அவசரப்படாதீர்கள். பாதிக்கு மேல் முளைத்தவுடன் தட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் வைக்க வேண்டும். தொடர்ந்து சூட்டில் இருந்தால் நாற்று மெலிந்து நீண்டுவிடும். ஆகவே ஒரே சிறு பெட்டியில் ஒரு மாதத்தில் மூன்று தடவை தக்காளி நாற்றுப் போடலாம்.

மின் செலவைப் பார்ப்போம். 20 வொட் பெட்டி இரவு பகலாக எரிந்தால் நாளொன்றுக்கு அரை அலகுக்குச் சற்றுக் குறைவு. பத்து நாளில் ஐந்து அலகு. இது பெரிய தொகையல்ல. ஆனால் எமது வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டை இந்த ஐந்து அலகு அடுத்த படிக்குத் தள்ளக்கூடும். பில்லைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பெட்டி வந்ததும் விதையைப் போட்டுவிடாதீர்கள். ஈரமான தும்புத்தூளை மட்டும் நிரப்பி ஒரு நாள் முழுவதும் இயக்குங்கள். சுபஹ் நேரத்திலும் பகல் இரண்டு மணிக்கும் மண்ணின் வெப்பத்தை அளந்து எழுதி வையுங்கள். இரண்டும் 20 க்கும் 30 க்கும் இடையில் இருந்தால் விதைக்கலாம். இல்லையேல் பெட்டியின் இடத்தை மாற்றுங்கள். ஜன்னல் வெயில் முளைத்த நாற்றுக்குத்தான் வேண்டும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் முளைக்கும் வரை வெளிச்சமே தேவையில்லை.

அந்த ராத்தாவுக்கு இப்போது முளைப்பெட்டி இல்லை. மீன் வரும் பழைய ரிஜிபோம் பெட்டியைக் கழுவி, அதனடியில் தேர்மோஸ்டட் பூட்டிய சூட்டு விரிப்பு ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். விலை முந்திய பெட்டியை விடச் சற்றுக் கூடத்தான். இரவில் மின்சாரம் போனாலும் ரிஜிபோம் சூட்டைச் சில மணி நேரம் பிடித்து வைக்கிறது. சென்ற போகத்தில் நூறு விதையில் 84 முளைத்ததாக எண்ணிச் சொன்னார். பழைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் திரும்பி வந்திருக்கிறார்களாம்.

மீதிப் பதினொரு பெட்டிகளையும் வாங்கியவர்களைத் தேடிப் போய் விடயத்தைச் சொன்னேன். நான்கு பேர் திருப்பித் தந்தார்கள். மற்றவர்கள் வெயில் படாத இடத்துக்கு மாற்றி இன்றும் பாவிக்கிறார்கள். இப்போது யாராவது முளைப்பெட்டி கேட்டு வந்தால், முதலில் ஒரு வெப்பமானியைக் கையில் கொடுத்து, வீட்டில் ஒரு வாரம் அளந்துவிட்டு வரச் சொல்கிறேன். சிலர் திரும்பி வருவதில்லை. அவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்காது.