இருபுற அச்சம்: எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரும் பல் மருத்துவமும்

எய்ட்ஸ் நோய் மருத்துவ உலகின் கவனத்திற்கு வந்த நாள்தொட்டே, வாயின் நலத்திற்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பு பதிவாகி வந்துள்ளது. 1981-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட அறிக்கை, லாஸ் ஏஞ்சலஸ் நகரைச் சேர்ந்த ஆடவர் ஐவரைப் பற்றியது. ஐவருக்கும் அரியவகை நுரையீரல் அழற்சியுடன் சளிச்சவ்வில் கேண்டிடா என்னும் பூஞ்சைத் தொற்றும் இருந்தது. நாவிலும் அண்ணத்திலும் வெண்படலமாகப் படியும் இப்பூஞ்சை, உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியதை உணர்த்தும் அறிகுறிகளுள் ஒன்றாக இன்றும் கருதப்படுகிறது.

வாயே முதலில் எச்சரிக்கும் நிலையில், அவ்வாயைக் காக்கும் பல் மருத்துவரை நாடுவதற்கு இந்நோயாளர் தயங்குவது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாய் நலத்தின் இன்றியமையாமை

எச்.ஐ.வி. தொற்றுடையோரிடம் பூஞ்சைத் தொற்று, ஈறு நோய், வாய்ப்புண், வாய் வறட்சி ஆகியவை காணப்படுகின்றன. உமிழ்நீர் குறையும்பொழுது பற்சொத்தை எளிதில் பரவுகிறது. வாய் புண்ணானால் உணவு குறைகிறது. மாத்திரை விழுங்குவதும் துன்பமாகிறது. கூட்டு மருந்துச் சிகிச்சை 1996-ஆம் ஆண்டளவில் பரவத் தொடங்கிய பின்னர் இந்நோயாளர் நீண்ட காலம் வாழ்கின்றனர். நீண்ட வாழ்நாளுக்கு நீண்ட காலப் பல் பராமரிப்பும் தேவை என்பதை நாம் மறத்தலாகாது.

அளவுகோல் கேளாத அச்சம்

பல் மருத்துவ அச்சத்தை அளப்பதற்கு நார்மன் கோரா என்பவர் 1969-இல் நான்கு வினாக்கள் கொண்ட அளவுகோலை வகுத்தார். நாளை பல் மருத்துவரிடம் செல்ல வேண்டுமெனில் எவ்வாறு உணர்வீர்? காத்திருப்பு அறையில் எவ்வாறு உணர்வீர்? பல்லைக் குடையும் கருவி ஆயத்தமாகும்பொழுது எவ்வாறு உணர்வீர்? வினாக்கள் இத்தன்மையன. 1995-இல் திருத்தியமைக்கப்பட்ட வடிவத்தில் மரப்பூசி பற்றிய ஐந்தாம் வினா சேர்க்கப்பட்டது.

இவ்வினாக்கள் அனைத்தும் வலியையும் அதன் எதிர்பார்ப்பையும் சுற்றியே அமைந்துள்ளன. எச்.ஐ.வி. தொற்றுடையவர்க்கோ இவற்றுக்கு அப்பாலும் ஓர் அச்சம் உண்டு. உண்மையைச் சொன்னால் மருத்துவர் மறுத்துவிடுவாரோ, ஊர் அறிந்துவிடுமோ என்பதே அது. அவரது அச்சம் நாற்காலியில் அமரும் முன்னரே, பதிவுப் படிவத்தை நிரப்பும்பொழுதே தொடங்கிவிடுகிறது.

ஒரு வழக்கு

இவ்வச்சம் வெறுங்கற்பனை அன்று என்பதற்கு அமெரிக்காவின் மெய்ன் மாநில வழக்கொன்று சான்றாகும். 1994-இல் சிட்னி அபாட் என்னும் பெண்மணி, பேங்கர் நகரில் பிராக்டன் என்னும் பல் மருத்துவரிடம் சென்றார். நோய் அறிகுறி ஏதும் இல்லாதபோதும், தமக்கு எச்.ஐ.வி. தொற்று உள்ளதைப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிட்டார். சொத்தையைக் கண்டறிந்த மருத்துவர், தம் மருத்துவகத்தில் அதனை அடைக்க மறுத்தார். மருத்துவமனையில் வைத்துச் செய்வதாயின் தமக்குக் கூடுதல் கட்டணம் வேண்டாம் என்றும், அம்மருத்துவமனைச் செலவை அவரே ஏற்க வேண்டும் என்றும் கூறினார்.

1998 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அறிகுறி தோன்றாத எச்.ஐ.வி. தொற்றும் 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் சட்டப் பாதுகாப்பிற்கு உரியது எனத் தீர்ப்பளித்தது. மருத்துவரின் நல்லெண்ண நம்பிக்கை மட்டும் போதாது. ஆபத்தை மருத்துவச் சான்றுகளைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்றும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது. உண்மை உரைத்தவரே தண்டிக்கப்பட்டால் அடுத்தவர் அதனை மறைப்பார் அல்லது வாராமலே இருப்பார் என்பதை இவ்வழக்கு நமக்கு உணர்த்துகிறது.

மருத்துவரின் அச்சம்

மருத்துவரின் அச்சத்தையும் நாம் நேர்மையுடன் நோக்க வேண்டும். குருதியும் கூரிய கருவிகளும் புழங்கும் தொழில் இது. எனினும் எச்.ஐ.வி. கலந்த குருதியுடைய ஊசி குத்தினால் தொற்று ஏற்படும் வாய்ப்பு சராசரியாக 1000-இல் 3 மட்டுமே. 72 மணி நேரத்திற்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் உட்கொண்டால் அவ்வாய்ப்பு மேலும் குறைகிறது.

எல்லார்க்கும் ஒரே பாதுகாப்பு முறை என்னும் கோட்பாடு இதனினும் முதன்மையானது. கையுறை, முகக்கவசம், உயர் அழுத்த நீராவியில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்தல் ஆகியவை ஒவ்வொரு நோயாளர்க்கும் ஒரே வகையில் கடைப்பிடிக்கப்பட வேண்டும். தமக்குத் தொற்றுள்ளதை அறியாதோரும் அந்நாற்காலியில் அமர்கின்றனர். ஆகவே, தெரிந்து சொன்ன ஒருவரை விலக்குவதால் மருத்துவர்க்குப் பாதுகாப்பு கூடுவதில்லை.

சட்டம் காட்டும் வழி

இவ்விருபுற நோக்கை இந்தியச் சட்டத்திலும் காண்கிறோம். அந்நாட்டில் 1986-இல் சென்னையில் திரட்டப்பட்ட குருதி மாதிரிகளிலேயே எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 2017-இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்றைக் காரணம் காட்டி மருத்துவச் சேவையை மறுப்பதைத் தடை செய்கிறது. அச்சட்டமே மருத்துவப் பணியாளர்க்குப் பாதுகாப்புச் சாதனங்களையும் தடுப்பு மருந்தையும் வழங்குவதை நிறுவனங்களின் கடமையாக்குகிறது. ஒருவர் பாதுகாப்பு மற்றவர் உரிமைக்கு எதிரானதன்று என்பதே இதன் உட்பொருள்.

முடிவுரை

சட்டம் கதவைத் திறக்கலாம். உள்ளே நுழையும் துணிவைத் தருவது மருத்துவகத்தின் நடத்தையே. நோய் விவரத்தைப் பிறர் செவிபடாமல் கேட்டறிதல், அவ்விவரம் எதற்காகத் தேவைப்படுகிறது என விளக்குதல், வேறொரு நாளுக்கோ வேறோர் இடத்திற்கோ காரணமின்றித் தள்ளிவிடாதிருத்தல் ஆகியவை பெருஞ்செலவு வேண்டாத செயல்கள். வலியின் அச்சத்தை மரப்பூசி போக்கும். மறுக்கப்படுவோம் என்னும் அச்சத்தை, மறுக்காத மருத்துவர் ஒருவரே போக்க இயலும் என்பது நம் துணிபு.